கஞ்சித் தரை

வேங்கடபதிக்குத் தெரியாத தொழில் என்று அருப்புக்கோட்டையில் ஒன்றும் கிடையாது. மாடு கழிந்தால் அதற்கு வைத்தியம் சொல்வான். பரளச்சி போகிற பஸ்ஸு டிரைவருக்குப் பாதை சொல்வான். மழை வருமா வராதா என்று வெள்ளாமை செய்கிற சம்சாரிகளுக்கே சொல்வான். ஒழுங்காகத் தெரிந்தது தறி ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்க மாட்டான். இப்படி ஒரு மனுசனோடு பதினான்கு வருசம் குடும்பம் நடத்தியவள் கங்கம்மாள். அவளுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தெலுங்கு. சாதாரணச் சண்டையும் தெலுங்கில்தான் நடக்கும். முற்றிவிட்டால் கங்கம்மாள் தமிழுக்கு வந்துவிடுவாள். தறித்தெருவில் மேல்பாதி அவர்கள் சனம்; கீழ்ப்பாதியில் கொத்தனார், வண்டிக்காரர், கடைக்காரர் என்று தமிழ் பேசுகிறவர்கள் இருந்தார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் புரியட்டும் என்றுதான் தமிழ். அவள் தமிழில் ஆரம்பித்ததும் வேங்கடபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான்.

அறுபத்தொன்பதாம் வருசம் ஆவணியில் வீட்டுக்குப் பின்னால் தறிக்கென்று ஒரு கொட்டகை போட்டார்கள். நாலு பக்கமும் மண்சுவர், மேலே பனங்கை, அதற்கு மேல் நாட்டு ஓடு. கங்கம்மாள் ஓயாமல் பிடுங்கியதால் வந்த கொட்டகை அது. அதுவரை எட்டு வருசம் இரண்டு பேரும் ஒரு முதலாளியின் கொட்டகையில் கூலிக்கு இருந்தார்கள். அவன் நெய்வான், அவள் நாடாவுக்கு நூலைத் தார் சுற்றுவாள். ஒருநாள் முதலாளியின் மகன், மீசை முளைக்காத பயல், நாற்பது பேர் முன்னால் அவளைப் பார்த்து, “ஏ, ஒண்ணுக்குப் போனா சொல்லிட்டுப் போகத் தெரியாதா?” என்று கேட்டான். கங்கம்மாள் புருசனைப் பார்த்தாள். புருசன் தலையைத் தூக்கவில்லை. அவன் தறியில் நாடா அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இனி அந்தக் கொட்டகை வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

சொந்தத் தறிக்கு நெசவாளர் சங்கம் தறியில் ஏற்றுகிற பாவு நூலைக் கொடுக்கும். ஆனால் தறி ஓடுகிற இடம் ஈரமில்லாமல், தரை கெட்டியாக இருக்க வேண்டும். அவர்கள் சனத்துக்காரரான சங்கத் தலைவர் நாகசுப்பிரமணியன் நேரில் வந்து பார்த்த பிறகுதான் நூல். ஆகவே இனி எல்லாம் தரையில்தான் இருந்தது.

அவர்கள் மனையோ கரிசல். மழை பெய்தால் உப்பும். வெயிலில் முழங்கை நுழைகிற அளவு வெடிக்கும். சிமிண்டுக்குப் பெர்மிட்டு வாங்க அலைகிற காலம் அது. கிடைக்கிற வழியும் இல்லை. கீழ்த்தெருக் கொத்தனார் மாரிச்சாமியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். முழங்கால் ஆழத்துக்குக் கரிசலைத் தோண்டி வெளியே போட்டுவிட்டு, சரளை கொட்டித் திமுசால் இடித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்ட வேண்டும் என்று அவன் சொன்னான். வேங்கடபதி சும்மா இருந்தானா? கரிசலைத் தோண்டவே வேண்டாம், மேலே செம்மண் போட்டால் போதும் என்று ஆரம்பித்தான். மாரிச்சாமி சிரித்துவிட்டான்.

“அண்ணாச்சி, நூலு எண்ணுறது வேற, தரை போடுறது வேற” என்றான்.

அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்காக ஒரு தரையே பாழாகப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? கொத்தனார் தெருமுனையைத் தாண்டுவதற்குள், தரையை நானே போட்டுக்கொள்கிறேன், எவன் தயவும் தேவையில்லை என்று வேங்கடபதி சொல்லிவிட்டான்.

சரி, போடட்டும். செம்மண்ணை வண்டியில் அடித்தான். வைக்கோல் வெட்டிப் போடச் சொன்னாள் கங்கம்மாள். அவன் கேட்கவில்லை. பழைய தறிக் கழிவு நூல் இரண்டு மூட்டை கிடந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி மண்ணில் போட்டான். பிறகு, பாவுக்குப் போடுகிற கஞ்சியை அண்டா அண்டாவாகக் காய்ச்சி மண்ணில் ஊற்றச் சொன்னான்.

“கஞ்சி போட்ட இழை கைய அறுக்குது. கஞ்சி போட்ட மண்ணு எப்படி நிக்கும்னு யோசிச்சுப் பாரு. இதெல்லாம் கொத்தனாருக்கு எங்க தெரியும்?” என்றான்.

உலகத்தில் நெசவாளி ஒருத்தனுக்குத்தான் இப்படித் தோன்றும். இழைக்கும் மண்ணுக்கும் ஒரே வைத்தியம். மழை பொய்த்த வருசம் அது. ரேஷன் அரிசியில் பாதி கல்லாக வந்தது. அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் சாயங்காலம் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கேப்பைக் கூழ்தான் குடித்தார்கள். அந்த வீட்டில் அண்டா நிறைய அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி மண்ணில் கொட்டுவதென்றால், கொட்டுகிறவள் வயிறு எரியாதா? எரிந்தது. எரிந்துகொண்டேதான் கொட்டினாள், மிதித்தாள்.

நாலாம் நாள் காலையில் அவள் வீட்டுக்குத் தூரமானாள். அவர்கள் சனத்தில் அந்த மூன்று நாளும் பெண்கள் தறியின் பக்கம் போகக்கூடாது, நூலைத் தொடக்கூடாது. பின்கட்டு வேலமரத்தடியில் கோணியை விரித்துத் தனியே உட்கார்ந்துகொண்டாள். தனித்தட்டு, தனிச்செம்பு. மண் பாதியில் நின்றால் காய்ந்துவிடும் என்பதால் வேங்கடபதியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி மிதித்தான். அவனுடைய அக்கா பஞ்சம்மாள் பக்கத்து வீடுதான். அவள் வந்து பார்த்து, “தம்பி, காலு தேஞ்சிரும்டா” என்று கேலி பண்ணிவிட்டு, கங்கம்மாளுக்குத் தூரத்தில் நின்றே சோறு போட்டுவிட்டுப் போனாள். மூன்று நாளும் இப்படித்தான் நடந்தது.

தரை காய்ந்து நின்றபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வழுவழுவென்று ஒரு மினுக்கம். நாகசுப்பிரமணியன் வந்து குதிகாலால் அழுத்திப் பார்த்துவிட்டு, நாலு சேலைக்கான பாவைக் கொடுத்தனுப்பினார். இதைச் சரியாக நெய்து கொடுத்தால் தொடர்ந்து நூல் வரும் என்றார். குழி தோண்டித் தறி இறக்கினார்கள். வேங்கடபதி டீக்கடையில் உட்கார்ந்து தரை போடுவது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஈரக்காற்றில் இழை தொய்யும் என்பதால் தறியை நிறுத்தினார்கள். அந்தச் சமயம் பார்த்து மல்லாங்கிணறில் பஞ்சம்மாளின் நாத்தனார் வீட்டில் கல்யாணம் வந்தது. எல்லாரும் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தார்கள்.

திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தவள் கங்கம்மாள். தறி முழுக்க யாரோ ஈரமண்ணைப் பூசிவிட்டுப் போனது போல் இருந்தது. தறிக்காலில் மண், குறுக்குக் கட்டையில் மண், அங்கிருந்து பாவு நெடுக மண். ஓரத்து இழை ஒன்றை விரலால் இழுத்தாள். அது அவள் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. மொத்தப் பாவும் கறையான் தின்றுபோய் வெறும் மண்கூடாக நின்றுகொண்டிருந்தது. அவள் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லாத அளவுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் வேங்கடபதி சங்கத் தலைவரைத் தேடிப் போய்ச் சொன்னான். என்ன சொன்னான் என்று அவளிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் நல்லதண்ணிக் கிணற்றடியில் கீழ்த்தெரு மூக்கம்மாள் கேட்டாள்.

“ஏன்க்கா, தூரத்தோடவா மண்ண மிதிச்சீக? தெரியாமச் செஞ்சிட்டீகளா?”

கங்கம்மாள் வாளியை இறக்கி வைத்தாள். யார் சொன்னது என்று கேட்டாள். மூக்கம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டீக்கடையில் நாகசுப்பிரமணியன் பாவு எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறார். பத்துப் பேர் முன்னால் வேங்கடபதி, தரையில் குறையில்லை, பொம்பளை தீட்டோடு மண்ணை மிதித்தாள், அதனால்தான் கறையான் ஏறியது என்று சொல்லியிருக்கிறான். நம் சனத்து விஷயம் என்று தெலுங்கில்கூடச் சொல்லவில்லை. தமிழில்தான் சொன்னான். பஞ்சம்மாளும் தன் பங்குக்கு, ஆமா, எனக்கும் அப்பவே சந்தேகம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டிருக்கிறாள். தூரத்தில் நின்று சோறு போட்ட அதே பஞ்சம்மாள்.

தண்ணீரில்லாமல் வீட்டுக்கு வந்தாள். வேங்கடபதி கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். அவள் நேராகத் தமிழில் ஆரம்பித்தாள். அவன் துண்டைத் தேடினான். துண்டு அவள் காலடியில் இருந்தது.

“சங்கத்துல ஆம்பளைக்கு ஒரு மருவாத வேணும்ல. நாந்தான் கெடுத்தேன்னு சொன்னா இன்னொரு பாவு குடுப்பாகளா? உனக்கென்ன, நீயா அங்க போயி நிக்கப் போற?” என்றான்.

“நிக்கப் போறேன்” என்றாள்.

கடப்பாரையை எடுத்துக் கொட்டகைத் தரையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். மினுக்கின தரை அப்பளம் போல உடைந்தது. அடியில் முழுக்கக் குடைந்த மண். பெரிய கட்டியாக ஒன்றைப் பெயர்த்துக் கூடையில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு சங்கத்துக்கு நடந்தாள். சங்கத்துக்குள் பொம்பளைகள் போவதில்லை என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் போனதில்லை.

நாகசுப்பிரமணியன் மேசைக்குப் பின்னால் இருந்தார். ஏழெட்டு ஆம்பளைகள் பெஞ்சியில் இருந்தார்கள். கூடையிலிருந்த கட்டியை மேசை மேல் வைத்து, அங்கே நூல் நிறுக்க வைத்திருந்த படிக்கல்லை எடுத்து ஒரே அடியில் உடைத்தாள். உள்ளே வெட்டிப் போட்ட நூல் துண்டுகள். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வெள்ளை வெள்ளையாகக் கறையான் நெளிந்தது. சில மேசையை விட்டு இறங்கி, பேரேட்டுப் பக்கம் போயின. அவர் பேரேட்டைத் தூக்கிக்கொண்டார்.

“இது கழிவு நூலு. இது கஞ்சி. கறையானுக்கு விருந்து வச்சது எங்க வீட்டுக்காரரு. நான் அந்த மூணு நாளும் வேலமரத்தடியில உக்காந்திருந்தேன். என் தீட்டு இதுல எங்க இருக்குன்னு நீங்க காட்டுங்க” என்றாள்.

 நாகசுப்பிரமணியன் வீட்டுச் சண்டையைச் சங்கத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, தை கடைசிக்குள் தரையைச் சரிபண்ணினால் வந்து பார்க்கிறேன், சரியில்லை என்றால் இந்த வீட்டுக்கு இனி நூல் கிடையாது, அதற்குமேல் கேட்கக்கூடாது என்றார். அவள் சொன்னது நிஜமா பொய்யா என்று மட்டும் அவர் வாயால் வரவில்லை. கேள்விப்பட்ட ஊரும் அதே மாதிரிதான். கறையான் நூலைத் தின்றது நிஜம், ஆனால் தீட்டு இல்லாமல் கறையான் எப்படி வரும் என்று இரண்டையும் சேர்த்தே பேசியது. புருசன் வாயால் வந்தது புருசன் வாயால்தான் போகும் என்று கங்கம்மாளுக்கு விளங்கியது.

அன்று சாயங்காலமே மாரிச்சாமி வீட்டுக்குப் போனாள். அவன் வரமாட்டேன் என்றான்.

“நான் வந்து போட்டா அண்ணாச்சிக்குக் கவுரவக் கொறச்சலாப் போயிரும்க்கா.”

“அது போயி ரொம்ப நாளாச்சு. திமுசையும் தட்டுற கட்டையையும் குடுங்க. எப்படின்னு மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள்.

சொன்னான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

கார்த்திகை முழுக்கத் தோண்டினாள். முழங்கால் ஆழம் என்று அவன் சொன்னான்; இவள் தொடை ஆழம் தோண்டினாள். கறையான் கண்ட மண்ணில் ஒரு கூடைகூட உள்ளே இருக்கக்கூடாது என்று தெருவுக்கு அந்தப் பக்கம் ஓடையில் கொண்டு கொட்டினாள். ஈரக்கரிசல் காலில் அப்பிக்கொண்டு விடாது. பத்து நடைக்கு ஒருதரம் நின்று குச்சியால் வழிக்க வேண்டும். வழிக்கும்போதெல்லாம் புருசனைத் திட்டினாள். அதில் ஒரு தெம்பு இருந்தது. வேங்கடபதி நாலு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் வந்து ஒரு கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

மார்கழியில் சரளை கொட்டித் திமுசு போட்டார்கள். திமுசைத் தூக்கித் தூக்கி அவள் உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப் போனது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சுண்ணாம்பில் உப்புத் தண்ணீர் கலந்தால் தரை காலத்துக்கும் கசியும் என்று மாரிச்சாமி சொல்லியிருந்ததால், சுண்ணாம்பு நீற்றக்கூட நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். கிணற்றடியில் பொம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டு அவளுக்கு வழி விட்டார்கள். வழி விட்டது மரியாதைக்கு அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

தை பிறந்ததும் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, குந்தி உட்கார்ந்து கட்டையால் தட்ட ஆரம்பித்தாள். கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். கட்டை தரையில் பட்டுத் துள்ளி எழும்புகிறவரை நிறுத்தக்கூடாது. இடையில் ஒருநாள் விட்டாலும் சுண்ணாம்பு இறுகி வெடித்துவிடும். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை தட்டினாள். கம்மங்கஞ்சியை அங்கேயே குடித்தாள். மூன்றாம் நாள் கட்டை கொஞ்சம் துள்ளியது. நாலாம் நாள் காலையில் எழுந்தபோது, அவள் வீட்டுக்குத் தூரமாகியிருந்தாள்.

வாசற்படியில் கொஞ்சநேரம் நின்றாள். வேலமரத்தடியில் கோணி கிடந்தது. போன தடவை தரை போட்டபோது அங்கேதான் உட்கார்ந்தாள். தனித்தட்டில் சாப்பிட்டாள். நூலைக் கண்ணால் பார்க்கவில்லை. அப்படி இருந்தவளுக்கு ஊர் என்ன பேர் கொடுத்தது? தள்ளி உட்கார்ந்தாலும் அந்தப் பேர்தான் என்றால், யாருக்காகத் தள்ளி உட்கார வேண்டும்? பழஞ்சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய்க் கட்டையைக் கையில் எடுத்தாள்.

வேங்கடபதி கடுக்காய்த் தண்ணீர்ச் சட்டியோடு வந்தவன், அவள் முகத்தையும் உட்கார்ந்திருந்த விதத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டான். சட்டி கையிலேயே நின்றது. அக்காவைக் கூப்பிடவா, மிச்சத்தை அவள் தட்டட்டும் என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டான்.

“தண்ணியத் தெளிங்க” என்றாள் கங்கம்மாள்.

தெளித்தான். அன்றைக்கும் மறுநாளும் அவள் தட்டினாள். இடுப்பு இற்று விழுவது போல் வலித்தது. வலிக்க வலிக்க அடி பலமாக விழுந்தது. மறுநாள் மத்தியானம் கட்டை தரையில் பட்டதும் கையை உதறிக்கொண்டு துள்ளி எழும்பியது. எந்த மூலையில் தட்டினாலும் ஒரே சத்தம். அப்போதுதான் கட்டையைக் கீழே வைத்தாள்.

தை கடைசி வெள்ளிக்கிழமை நாகசுப்பிரமணியன் வந்தார். கூட அவர்கள் சனத்தில் நாலு பேர். வேடிக்கை பார்க்கத் தெருவே வாசலில் கூடியிருந்தது. முன்னால் பஞ்சம்மாள், பின்னால் மூக்கம்மாள், ஓரமாக மாரிச்சாமி. தலைவர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து குதிகாலால் அழுத்தினார். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றச் சொல்லிப் பார்த்தார். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்துக்கு ஓடியது. கடப்பாரை முனையால் ஒரு மூலையில் தட்டினார். கணீரென்றது. மாரிச்சாமி ஓரத்திலிருந்து தலையை ஆட்டிக்கொண்டான்.

“தரை நல்லா அமைஞ்சிருக்கு. இந்தத் தடவ எல்லாம் சுத்தபத்தமாத்தான போட்டீக?” என்று வேங்கடபதியைப் பார்த்துக் கேட்டார்.

அதற்குக் கங்கம்மாள் சொன்னாள்.

“இல்ல. போன தடவதான் சுத்தபத்தமாப் போட்டது. இந்தத் தடவ கடைசி ரெண்டு நாளும் நான் தூரத்தோடதான் தட்டுனேன். நீங்க நிக்கிற எடமும் அப்படித் தட்டுனதுதான்.”

பஞ்சம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தலைவரோடு வந்த நாலு பேரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். ஒருத்தர் படிப்பக்கம் நகர்ந்தார். போச்சு, பாவும் போச்சு, கொட்டகையும் போச்சு, முதலாளியின் வாசலுக்குத்தான் திரும்பப் போக வேண்டும் என்றுதான் கங்கம்மாள் நினைத்தாள். ஆனாலும் சொன்ன சொல்லை அவள் திருப்பி வாங்கவில்லை. நாகசுப்பிரமணியன் நின்ற இடத்தில் நின்றபடி வேங்கடபதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேங்கடபதி தறிக்கென்று விட்டிருந்த குழி ஓரத்தில் நின்றான். அவன் கையிலும் சரளை சுமந்த காய்ப்பு இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, வாய்க்குள் முணுமுணுக்கிற மாதிரி, தெலுங்கில் சொன்னான். போன தடவை அவள் மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள், அந்த மூன்று நாளும் மண்ணை மிதித்தது நான், கஞ்சியும் நூலும் போட்டது நான், டீக்கடையில் சொன்னது பொய் என்றான்.

உள்ளே நின்ற ஐந்து பேருக்கு மட்டும் கேட்டது. நாகசுப்பிரமணியன் பெருமூச்சு விட்டுவிட்டு, திங்கட்கிழமை வந்து பாவு வாங்கிக்கொள்ளச் சொன்னார். செருப்பைத் தேடித் திரும்பினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வேங்கடபதியும் துண்டை உதறித் தோளில் போட்டான்.

கங்கம்மாள் கதவை மறித்து நின்றாள். தலைவருக்கும் வழி விடவில்லை.

“டீக்கடையில தமிழ்லதான சொன்னீக?” என்றாள். “இதையும் தமிழ்லயே சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. வாசல்ல நிக்கிறவுகளுக்குக் கேக்கல.”